கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் மாதிரி: ‘ஆரம்ப காலம்’ எதுவரை?

கேள்வி – ஜூன் 11

அண்ணாச்சி, கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையை மாதிரி ரயிலாக, 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு), மாடியறையில் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பதின்மூன்று கண் பாலம், ஒரு சுரங்கம், ஒரு சிறிய ஸ்டேஷன், அவ்வளவுதான் திட்டம். ஆரம்ப காலத்தைப் பிசகில்லாமல் காட்ட வேண்டும் என்பது ஆசை. கையில் ஒரு ஒய்.பி. நீராவி எஞ்சின் இருக்கிறது. டீசல் வருவதற்கு முன்பு ஓடியவை எல்லாமே ஆரம்ப காலம்தானே?

ஜூன் 11, இரவு

இல்லை. ஒய்.பி. வகை எஞ்சின் இந்தியாவுக்கு வரத் தொடங்கியதே 1949-ல்தான். அதற்குள் இந்தப் பாதைக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. நீராவியை அளவுகோலாகக் கொண்டால் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே வயது என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

வெளிநாட்டு மாதிரி ரயில்காரர்கள் வகுத்துள்ள காலப்பகுப்பும் நமக்கு உதவாது. ஐரோப்பியர்கள் ஏறத்தாழ 1920 வரை உள்ளதை முதலாம் யுகம் என்பார்கள். பிரிட்டனில் ரயில் கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்ட 1923 ஒரு பெரிய எல்லைக்கோடு. அந்த இணைப்பினால் நம் மலைப்பாதையின் ஆரியங்காவில் ஒரு சிலிப்பர் கட்டைகூட இடம் மாறவில்லை. ஒரு பாதையின் காலத்தை அந்தப் பாதையில் நடந்த மாற்றங்களைக் கொண்டுதான் வகுக்க வேண்டும்.

நம் பாதையின் கணக்கு இது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-லும் அங்கிருந்து செங்கோட்டை வரை 1903-லும் ரயில் வந்தது. மேற்குப் பக்கத்தில் கொல்லம்–புனலூர் பகுதி 1904 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. நடுவில் இருந்த மலைப்பகுதியான புனலூர்–செங்கோட்டை 1904 நவம்பர் 26 அன்று திறக்கப்பட்டபோதுதான் இரண்டு துண்டுகளும் ஒன்றாயின. 1918-ல் பாதை கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நீண்டது. 1927-ல் விருதுநகர்–தென்காசி பாதை வந்து சேர்ந்தது. என்னைக் கேட்டால், ஆரம்ப காலம் 1904 நவம்பரில் தொடங்கி 1918-ல் முடிகிறது. அதுவரை கொல்லம்தான் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் கடலும் காயலும் படகுகளும்தான்.

ஜூன் 12, காலை

‘தென்னிந்திய ரயில்வே கம்பெனி இருந்த காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் என்ன, 1944 வரை ஒரே கம்பெனிதானே’ என்று புனலூர் நண்பர் கேட்டிருக்கிறார். கம்பெனியின் பெயர் வண்டியின் பக்கவாட்டில் எழுதப்படும் சில எழுத்துகள் மட்டுமே. அதை ஒட்டி மற்றவை எல்லாம் நாற்பது ஆண்டுகள் அப்படியே நின்றுவிடவில்லை. 1904-ல் ஸ்டேஷனுக்கு வெளியே காளை வண்டி நிற்கும். 1938-ல் திருவிதாங்கூர் அரசே பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டது. 1940-ல் மூணாறு அருகே பள்ளிவாசல் என்னும் ஊரில் நீர்மின்சாரம் உற்பத்தியானது. கம்பெனிக்காரர்கள் தங்கள் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928-ல். எஞ்சின் வகைகளிலும் 1920-களின் பிற்பகுதியிலிருந்து புதிய தரப்படி செய்த எஞ்சின்கள் வரத் தொடங்கின. இவை அனைத்தையும் ஒரே பலகையில் வைத்தால் எந்த ஆண்டையும் காட்டாத ஒரு பொருட்காட்சிதான் கிடைக்கும்.

ஜூன் 12, மாலை

ஜூன் முதல் நவம்பர் வரையிலான அந்த அரையாண்டையே தனி யுகமாகக் கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேடிக்கையாகச் சொன்னதாகத் தோன்றினாலும் அது சிறிய அறையில் வேலை செய்பவர்களுக்கு அருமையான யோசனை. அந்த ஆறு மாதங்களில் கொல்லம்–புனலூர் பாதை இந்தியாவின் வேறெந்தப் பாதையோடும் ஒட்டாத ஒரு தீவாக இருந்தது. எஞ்சினைக் கழற்றி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொல்லத்தில் இறக்கித்தான் பூட்டினார்கள். வெளியூர் வண்டி எதுவும் வர வழியில்லாததால், ஒரு சில வண்டிகளை வைத்துக்கொண்டு முழு உண்மையைக் காட்டிவிடலாம். ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பாலமும் சுரங்கமும் வேண்டும். அவை இரண்டும் புனலூருக்குக் கிழக்கே, மலைப்பகுதியில் உள்ளவை. எனவே அந்தத் தீவு அவருக்குப் பயன்படாது.

ஜூன் 14

பழைய ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருவிதாங்கூர் அரசின் அறிக்கைகள் கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்டு நடுவில் தொடங்கும். அதனால் ஜூன் மாதத் திறப்பு 1079-லும் நவம்பர் மாதத் திறப்பு 1080-லும் வரும். இரண்டுக்கும் இடைவெளி ஆறே மாதம்தான். 1080-ஆம் ஆண்டு அறிக்கை என்றால் அதில் பாதிக்கு மேல் 1905-இல் நடந்தவை இருக்கும். ‘அறிக்கையில் 1080 என்று இருக்கிறது, ஆகவே 1904’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்.

ஜூன் 15

பாலத்தைப் பற்றி எழுதாமல் இத்தனை நாள் ஒத்திப்போட்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

எங்கள் குடும்பம் தோட்ட வேலைக்காகக் கழுதுருட்டிப் பக்கம் வந்து தங்கியது. பாலம் சாலையை ஒட்டியே இருப்பதால் பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தேன். கருத்த கல், இடுக்கெல்லாம் பாசி, கண்களுக்கிடையே தொங்கும் கொடி, மேலே மரக்கிளைகள் மூடிய வானம், இதுதான் என் மனதில் இருக்கும் பாலம். என் முதல் மாதிரிப் பாலத்தை அந்த நினைவின்படிதான் செய்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அச்சு அசல் என்றார்கள். அசல்தான், ஆனால் 1985-இன் அசல்.

1905-இல் அந்தப் பாலத்துக்கு ஒரு வயது. கருங்கல்லை அப்போதுதான் உடைத்துக் கொத்தியிருப்பார்கள். புதிதாக உடைத்த கருங்கல் கறுப்பாக இராது; வெளிறிய சாம்பல் நிறத்தில், உளி பட்ட இடங்களில் வெள்ளைப் புள்ளிகளோடு மினுங்கும். கல்லிடுக்குச் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட வெளுப்பாகத் தெரியும். மலையைக் குடைந்து வெட்டிய பக்கங்களில் செம்மண் பச்சைக் காயம்போல் திறந்து கிடக்கும். முதல் மழைக்காலத்தில் அது ஓடைகளாக அரிக்கப்பட்டு, பாதையோரத்தில் சேறாகக் குவியும். பாதைக்காக அகலமாக மரங்களை வெட்டியிருப்பதால் தண்டவாளத்தின்மேல் நிழலே விழாது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும் கட்டுமானத்தில் மிஞ்சிய கற்குவியல்களும் ஓரத்தில் கிடக்கும். பழைய காலத்தைச் செய்கிறோம் என்பதால் எல்லாவற்றையும் பழையதாகக் காட்ட வேண்டும் என்று நம் கை தானாகவே பழுப்பு வண்ணத்தை எடுக்கிறது. ஆரம்ப காலத்தில் எதுவும் பழையதல்ல. ‘ஆரம்ப காலம்’ என்று பலகை எழுதி வைத்திருக்கும் மாதிரிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் புதுமை இருக்கிறதா என்பதைத்தான், பெரும்பாலும் இருப்பதில்லை.

மரங்களைப் பற்றி இன்னொன்று. இந்தப் பாதையில் உள்ள இடமண் பக்கம் இன்று எங்கு திரும்பினாலும் வரிசை வரிசையாக ரப்பர். திருவிதாங்கூரில் வணிக ரீதியிலான ரப்பர் தோட்டம் முதன்முதலில் 1902-ல், வடக்கே பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில்தான் போடப்பட்டது. ஆகவே 1905-இன் இடமண்ணில் பால் வடிக்கும் கோப்பை கட்டிய ரப்பர் மரங்களை நடாதீர்கள். தேக்கு நடலாம், மூங்கில் நடலாம், வகை பிரிக்க முடியாத காட்டுமரங்களை நெருக்கமாக நடலாம். தென்மலையில் அணையும் கூடாது. அது மிகவும் பிந்தியது.

ஜூன் 15, பின்னிரவு

அளவைச் சொல்ல விட்டுப்போயிற்று. பாலத்தின் நீளம் ஏறத்தாழ நூறு மீட்டர். 1:87-ல் அது 115 சென்டிமீட்டர் ஆகும். மாடியறையில் இதற்கு இடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். கண்களைக் குறைத்து ஒன்பதாகச் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்துக் குழந்தைகள்கூட எண்ணிப் பார்த்துவிடும். நீளம் குறைய வேண்டுமென்றால் கண்ணின் அகலத்தைச் சற்றுக் குறுக்கலாம், எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது. இன்றைய பாலத்தை அளந்து வருகிறவர்கள், அது பிற்பாடு அகலப்பாதைக்காக (பிராட்கேஜ்) பலப்படுத்தப்பட்ட பாலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கண்களின் உட்பக்கத்தை 2010-க்கு முந்தைய புகைப்படங்களோடு ஒப்பிடாமல் வரைபடம் போடாதீர்கள்.

ஜூன் 17

ஸ்டேஷன் கடிகாரம் பற்றி ஒரு வாசகர் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்பது நிமிட வித்தியாசம். ஆகவே மலைப்பாதை திறந்த முதல் பதின்மூன்று மாதங்கள் முழுவதும் மெட்ராஸ் நேரம்தான். 1:87-ல் கடிகார முகம் ஐந்து மில்லிமீட்டர்தான் வரும். ஒன்பது நிமிடத்தை அதில் காட்டுபவருக்கு என் வணக்கம். மாதிரிக்காகக் கால அட்டவணை எழுதி வண்டி விடுகிறவர்களுக்கு மட்டும் இது உண்மையிலேயே பயன்படும்.

ஜூன் 18

தண்டவாளம். இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். 1:87-ல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. 16.5 மில்லிமீட்டர் பாதை எளிதாகக் கிடைக்கிறது என்று அதில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினால், வண்டி இடுப்புக்குக் கீழே ஊதிப்போனதுபோல் தெரியும். இடம் மிகவும் குறைவாக இருப்பவர்கள் 1:160 அளவையும் 6.5 மில்லிமீட்டர் பாதையையும் எண்ணிப் பார்க்கலாம். கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது, பாலமும் 63 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த அளவில் எஞ்சினைக் கையால் செய்வதற்கு நல்ல கண்ணும் நடுங்காத விரலும் வேண்டும். எனக்கு இரண்டுமே இப்போது இல்லை.

அகலத்தைவிட உயரம்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு கஜத்துக்கு 50 ராத்தல் எடையுள்ள மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் உயரம் ஏறத்தாழ நான்கு அங்குலம். 1:87-ல் அது 0.046 அங்குலம் மட்டுமே. ‘கோடு 100’ என்று விற்கப்படுவது 0.100 அங்குல உயரமுடையது. அதை 87-ஆல் பெருக்கினால் எட்டே முக்கால் அங்குலத் தண்டவாளமாகிறது. அப்படியொன்று இந்த மலையில் இன்றைய அகலப்பாதையில்கூடக் கிடையாது. கோடு 40 அல்லது 55 வாங்கி, மரச்சீவலைச் சிலிப்பராக வைத்து, நீங்களே ஒட்டுங்கள். சிலிப்பர் மரத்தையும் புதிதாகவே காட்டுங்கள். கறுத்த எண்ணெய்க் கறை ஸ்டேஷன் எல்லைக்குள், எஞ்சின் நிற்கும் இடத்தில் மட்டும் போதும்.

ஜல்லியை அளவோடு போடவும். இன்றைய பாதையின் உயர்ந்த ஜல்லி மேடு பிற்காலத்துப் பழக்கம்.

ஜூன் 19

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து வண்டியின் நிறத்தை ஊகித்திருக்கிறார் ஒருவர். ‘இந்தப் பெட்டி கருமையாகத் தெரிகிறது, ஆகவே அடர் பச்சை’ என்கிறார். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும், நீலம் வெளுத்துப்போகும். கருமையாகத் தெரியும் அந்தப் பெட்டி செக்கச் சிவந்த பெட்டியாகவும் இருக்கலாம். வானம் எப்போதும் வெள்ளைத் தாளாகவும் செம்மண் வெட்டுச்சரிவு கரியாகவும் தெரிவதற்கும் இதுவே காரணம். புகைப்படத்திலிருந்து உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தை எடுக்காதீர்கள்.

ஜூன் 22

வண்டிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் என்னைவிட அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்திய மீட்டர்கேஜ் வண்டிக்கு நடுவில் ஒரே பஃபர்தான் (பெட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பதைத் தாங்கும் முட்டு). இரு பக்கமும் பஃபர் வைத்த வெளிநாட்டுப் பெட்டியை வாங்கினால் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு நடுவில் ஒன்றைப் பொருத்துங்கள். ஆரம்ப காலத்துக்கு நான்கு சக்கரச் சிறு பெட்டிகள் பொருந்தும்: மர உடல், மரச்சட்ட ஜன்னல், வெயிலுக்கான கூரை நீட்டல், எண்ணெய் விளக்கு. மூன்றாம் வகுப்பு என்று எழுத மறக்காதீர்கள். அது ஒழிந்தது 1974-ல்தான். எஞ்சினுக்கு 0-6-0 சக்கர அமைப்புள்ள (ஆறு இயக்குசக்கரங்கள் மட்டும், முன்னும் பின்னும் சிறு சக்கரம் இல்லாத) எஃப் வகையைத் தேடுங்கள். இந்திய மீட்டர்கேஜில் அது வெகு பரவலாக ஓடியது; இந்தியாவிலேயே முழுமையாகக் கட்டப்பட்ட முதல் எஞ்சினான எஃப்-734, 1895-ல் அஜ்மீரில் உருவானது. உருவம் சிறியது, வளைவுகளில் எளிதாகத் திரும்பும், மாதிரி செய்கிறவர்களுக்கு வரப்பிரசாதம்.

நான் சிறுவனாக இருந்தபோது மலையேறும் வண்டியின் பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளிக்கொண்டு வரும். வளைவில் தலையை நீட்டினால் முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒரே பார்வையில் தெரியும். அந்தக் காட்சிக்காகவே இரண்டு எஞ்சின் வாங்கத் தோன்றும். வாங்குங்கள், ஆனால் என் நினைவில் இருப்பவை ஒய்.டி.எம்.4 டீசல்கள்.

ஜூன் 23

1918 என்று நான் எழுதியதைத் தென்காசி அண்ணாச்சி மறுத்திருக்கிறார். அவருடைய வாதம் கனமானது. 1927-க்கு முன்பு கொல்லத்திலிருந்து மெட்ராஸ் செல்லும் பயணி திருநெல்வேலி, மணியாச்சி வழியாகச் சுற்றித்தான் மதுரைக்குப் போக வேண்டும். விருதுநகர் பாதை வந்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக நேர்வழி கிடைத்தது; அன்றுதான் தென்காசி ஜங்ஷன் ஆனது. ‘எங்கள் ஊருக்கு 1918 என்பது ஒன்றுமில்லாத ஆண்டு’ என்கிறார் அவர்.

இதை இரண்டு நாள் அசைபோட்டேன். முழுப் பாதைக்கும் ஒரே எல்லை ஆண்டு என்ற என் எண்ணத்தையே இப்போது விட்டுவிடத் தோன்றுகிறது. கொல்லம் யார்டைச் செய்கிறவருக்கு ஆரம்ப காலம் 1918-ல் முடிகிறது, ஏனெனில் கடைசி ஸ்டேஷனுக்குரிய அமைப்பு அன்று மாறத் தொடங்குகிறது. தென்காசியைச் செய்கிறவருக்கு 1927. அதுவரை அது வழியில் உள்ள சாதாரண ஸ்டேஷன், அதற்குரிய குறைந்த தடங்கள் போதும். மலைப்பகுதியைச் செய்கிறவருக்கு இரண்டுமே பொருந்தா. பாலத்தின் கல் கறுக்கும்வரை, வெட்டுச்சரிவில் புல் பிடிக்கும்வரை, பக்கத்து மலையில் ரப்பர் ஏறும்வரை என்றுதான் அங்கே எல்லை வைக்க முடியும். அது ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்திராது.

ஜூன் 26

செங்கோட்டையைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய எல்லை ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் இடையில் இருக்கிறது, அன்று அப்படியில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்தது. மகாராஜாவின் எல்லை செங்கோட்டைக்குக் கிழக்கே முடிந்து, அதற்கப்பால் மெட்ராஸ் மாகாணம் தொடங்கியது. ஆகவே ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள தெருவில் சங்கு முத்திரை போட்ட அஞ்சல் பெட்டியை வைக்கலாம், தென்காசித் தெருவில் வைக்கக் கூடாது. பெயர்ப்பலகையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மட்டும் போதும். இந்தி சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. தூரம் மைலில், கட்டணம் அணாவில். கிலோமீட்டர் கல் ஒன்றை ஓரத்தில் நட்டுவைத்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இரு பக்கமும் தமிழ் பேசிய மக்கள்தான் வண்டியில் ஏறினார்கள் என்பதால் பயணிகளின் உடையில் பெரிய வேறுபாடு காட்ட வேண்டியதில்லை. 1:87 மனிதனுக்கு வேட்டிக் கரையை வரைவதும் நம்மால் ஆகாத காரியம்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். 1905 அக்டோபர் என்று முடிவு செய்துவிட்டாராம். நல்ல தேர்வு: தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு மழை தொடங்கும் சமயம், சரிவெல்லாம் ஈரச் செம்மண், ஓடைகளில் நீர், மெட்ராஸ் நேரத்துக்கு இன்னும் மூன்று மாதம் ஆயுள். ஒரு யுகத்தைவிட ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்போதுமே எளிது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ‘அந்த மாதம் இது இருந்ததா’ என்று ஒரே கேள்விதான் கேட்க வேண்டியிருக்கும்.

ஒய்.பி. எஞ்சினை என்ன செய்வது என்று கேட்கிறார். விற்க வேண்டாம். ஸ்டேஷன் கட்டடம், பெயர்ப்பலகை, ஓர மரங்கள் ஆகியவற்றைப் பலகையில் ஒட்டாமல் ஆணி வைத்துச் செருகும்படி செய்துகொள்ளுங்கள். அவற்றுக்கு 1955-க்குரிய இன்னொரு தொகுதியும் செய்து பெட்டியில் வைத்திருங்கள். மலையின் உருவம் இரண்டு காலத்துக்கும் ஒன்றுதான். பாலம் மட்டும்தான் சிக்கல்: அதைக் கழற்றி மாட்டும்படி செய்து, வெளிறிய கல்லில் ஒன்றும் கறுத்த கல்லில் ஒன்றுமாக இரண்டு பாலம் கட்ட வேண்டும். முதலில் வெளிறியதைக் கட்டுங்கள். வார்ப்பு அச்சைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் இரண்டாவதற்குப் பாதி வேலைதான்.